கடலில் மிதக்கும் போடி!

தேசிய வரைபடங்கள் இலவசமாகிவிட்டன. அவற்றைத் திறந்து, மாற்றி, மலையின் மேல் பொருத்திப் பார்க்கும் வேலை யார் தலையில்? ஏலமலைச் சரிவிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

மடிக்கணினித் திரையில் போடிநாயக்கனூர் வங்கக் கடலில் கிடக்கிறது. நாகப்பட்டினம் கரையைத் தாண்டி, இலங்கையையும் தாண்டி, வெறும் நீலத்தின் நடுவே ஊரின் தெருக்களும் கொட்டக்குடி ஆறும் மேற்கே நெருக்கியடித்து ஏறும் சமஉயரக் கோடுகளும் அச்சுக் குலையாமல் மிதக்கின்றன. சன்னலுக்கு வெளியே அசல் போடி தன் இடத்திலேயே இருக்கிறது. விடியுமுன்னே தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்குப் போன ஜீப்புகள் இறங்கி வரும் நேரம். கடைகளில் ஏலக்காயைத் தரம் பிரித்துச் சாக்கில் அள்ளுகிறார்கள். தெருவே மணக்கிறது.

ஊரைக் கடலில் தள்ளியது ஒரே ஒரு எண். 43 என்று இருக்கவேண்டிய மண்டல எண்ணை, என்ன ஆகிறது பார்ப்போம் என்று 44 ஆக்கினேன். அவ்வளவுதான். போடி சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது.

உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரித்தால் அளவுகள் பிசகும். அதனால் யூடிஎம் என்ற முறையில் உலகத்தை ஆறு டிகிரி அகலப் பட்டைகளாக வெட்டியிருக்கிறார்கள். கிழக்குத் தீர்க்கரேகை 72 முதல் 78 வரை 43-வது மண்டலம்; 78 முதல் 84 வரை 44-வது. அந்த 78 டிகிரிக் கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. ஆகவே தேனி மாவட்டம் முழுக்க 43-ல், மதுரை நகரமும் சென்னையும் 44-ல். இரண்டு மண்டலத்திலும் எண்கள் ஒரே சாயலில்தான் இருக்கும். போடி நகரத்தின் எண்கள்: கிழக்கே 7.57 லட்சம் மீட்டர் சொச்சம், வடக்கே 11.07 லட்சம் மீட்டர் சொச்சம். இது எந்த மண்டலத்துக் கணக்கு என்ற குறிப்பு கோப்போடு கூட வந்தால் மென்பொருள் தானே சரிசெய்துகொள்ளும். வராவிட்டால் நாம் சொல்வதைத்தான் அது நம்பும்.

அந்தக் குறிப்பு பெரும்பாலும் வருவதில்லை. வரைபட உலகில் இன்னும் கோலோச்சுவது ‘ஷேப்ஃபைல்’ என்ற பழைய வடிவம். பெயருக்கு ஒரு கோப்பு. உள்ளபடி அது மூன்று நான்கு கோப்புகளின் கூட்டம். அதில் ‘பிஆர்ஜே’ என்ற குட்டிக் கோப்பில்தான் மண்டல விவரம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் பென் டிரைவில் ஏற்றும்போதும் முதலில் தொலைவது அந்தக் குட்டிதான்.

கடலில் விழுந்த ஊரை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 200 மீட்டர் மட்டும் நகர்ந்து விழுந்தால்? பக்கத்துத் தோட்டம், பக்கத்துக் காடு, சில இடங்களில் பக்கத்து மாநிலம். அந்தப் பிழை திரையில் துருத்திக்கொண்டு தெரியாது. அச்சாகி, கையெழுத்தாகி, கோர்ட்டு வரைக்கும் போய்விடும்.

நான்கு தாள் கூடும் மூலை

இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள் எண் முறைப்படி போடி நகரம் 58 எஃப்/8 என்ற தாளில் வருகிறது. அதுவும் தாளின் தென்கோடியில், ஓரத்தை ஒட்டி. ஊருக்குத் தெற்கே கொஞ்சம் இறங்கினால் 10 டிகிரி அட்சரேகை குறுக்கிடும். அதற்குக் கீழே 58 ஜி/5. மேற்கே மலையேறினால் 77 டிகிரி 15 நிமிடத் தீர்க்கரேகையில் தாள் முடிந்துவிடும்; கொழுக்குமலையைப் பார்க்க 58 எஃப்/4 வேண்டும், அதன் தெற்கே 58 ஜி/1. நான்கு தாளும் கூடும் மூலை போடிமெட்டு வட்டாரத்திலேயே விழுகிறது. ஒரு மலைச்சரிவைப் படிக்க நான்கு தாள்களை ஒட்டவேண்டும் என்பது இந்த ஊரின் தலையெழுத்து.

தாள்களில் ஊர்ப்பெயர்களைத் தேடிப் போவது தனிச் சுகம். சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்றெல்லாம் காட்டுக்குள் ரயில் நிலையப் பெயர்கள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத் தொட்டிகளில் கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழையவை 1830-ல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கிட்ட பூமியின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஜிபிஎஸ் கருவிகளும் 2005-க்குப் பின் வந்த ‘திறந்த வரிசை’ வரைபடங்களும் டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறு வடிவத்தில் ஓடுகின்றன. ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இரண்டிலும் வைத்துப் பார்த்தால் போடிப் பக்கத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். தேனிச் சமவெளியில் அது இரண்டு வயல் தள்ளி. மலைக் கிராமமான குரங்கணிக்கு மேலே அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு.

பெட்டிச் செய்தி: தாளிலிருந்து கோப்பு வரை

1767: இந்திய நில அளவைத் துறை தொடக்கம்.
1802 ஏப்ரல் 10: சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளக்கத் தொடங்குகிறார். மாபெரும் முக்கோண அளவையின் முதல் கோடு அது.
1990: நில அளவைத் துறையின் வெளியீட்டுக்கு முரணாக நாட்டு எல்லையைக் காட்டி வரைபடம் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை என்று 1961-ம் ஆண்டுச் சட்டத்தில் திருத்தம்.
2005: தேசிய வரைபடக் கொள்கை. படைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்குத் ‘திறந்த வரிசை’.
2016: புவிசார் தகவல் ஒழுங்குமுறை வரைவு மசோதா. 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை. எதிர்ப்பு கிளம்பி மசோதா கிடப்பில் போனது.
2017: துறையின் 250-வது ஆண்டில் ‘நக்‌ஷே’ இணையதளம். 1:50,000 அளவுத் தாள்கள் ஆதார் எண்ணைக் கொடுத்தால் இலவசம்.
2021 பிப்ரவரி 15: புதிய வழிகாட்டு நெறிமுறைகள். இந்திய நிறுவனங்களும் தனிநபர்களும் வரைபடம் எடுக்க, வெளியிட முன் அனுமதி வேண்டாம்.
2022 டிசம்பர் 28: தேசிய புவிசார் கொள்கை அரசிதழில்.

கிடைப்பது படம்தான்

ஐந்தே ஆண்டுகளில் 100 கோடி அபராதத்திலிருந்து ‘அனுமதி வேண்டாம்’ வரை வந்தது பெரிய திருப்பம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலவசமாகக் கையில் கிடைக்கும் தாள் ஒரு பிடிஎஃப். அதாவது படம். கண்ணால் பார்க்கலாம், அச்சிடலாம். ‘கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே உள்ள காடு மட்டும் எவ்வளவு’ என்று அதனிடம் கேட்க முடியாது. கேட்கவேண்டுமென்றால் ஒவ்வொரு கோட்டையும் ஒருவர் உட்கார்ந்து மறுபடி வரையவேண்டும்.

இங்குதான் கியூஜிஐஎஸ் வருகிறது. 2002-ல் கேரி ஷெர்மன் என்ற அமெரிக்கர் தொடங்கிய இலவச மென்பொருள். உலகெங்கும் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். பல லட்ச ரூபாய் உரிமத்துக்கு விற்கும் மென்பொருள்கள் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இது காசில்லாமல் செய்கிறது. அதன் அடிவயிற்றில் இயங்குவது ஜிடால் என்ற இன்னொரு இலவசத் தொகுப்பு. ஏறத்தாழ எந்த வரைபடக் கோப்பையும் இன்னொரு வடிவத்துக்கு மாற்றித்தருவது அதுதான்.

பிடிஎஃப் தாளைப் படக் கோப்பாக்கி உள்ளே இழுத்து, நான்கு மூலைகளிலும் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து, படத்தைப் பூமியில் ‘ஆணியடிக்க’ வேண்டும். பொறுமை இருந்தால் ஒரு தாளுக்கு அரை மணி நேரம். அதன் பிறகும் ஒரு வரம்பு உண்டு. 1:50,000 அளவில் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அரை மில்லிமீட்டர் தடிமனில் அச்சான எல்லைக்கோடே தரையில் 25 மீட்டர் அகலம். கோட்டின் இந்தப் பக்க விளிம்பா அந்தப் பக்க விளிம்பா என்று சண்டை போட்டால் நடுவில் ஒரு வீடும் கிணறும் அடங்கிவிடும். கணினியில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் இந்த உண்மை மாறாது. பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்குத்தான் இது மறந்துபோகிறது.

‘தமிழ்நாடு’வில் நுழைந்த குறி

படமாக இல்லாமல் உண்மையான தரவாகவே இலவசமாய்க் கிடைப்பவையும் உண்டு. மாநில, மாவட்ட எல்லைகளை நில அளவைத் துறை ஷேப்ஃபைலாகவே தருகிறது. திறந்து பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல். ஆங்கிலத்தில் எழுதிய மாநிலப் பெயர்களுக்குள் விசித்திரக் குறிகள் நுழைந்திருக்கும். தமிழ்நாடு என்பதில் ‘நா’வின் நெடில் இருக்கவேண்டிய இடத்தில் > என்ற குறி. நெடில் ஈ ஓசைக்கு | என்ற செங்குத்துக் கோடு. நெடில் ஊ ஓசைக்கு @. உச்சரிப்பைக் காட்ட எழுத்துக்கு மேலே கோடு போடும் பழைய அச்சு வழக்கம் கணினிக்குள் வந்தபோது இப்படிக் குறிகளாகிவிட்டது.

மனிதக் கண்ணுக்கு இது பிரச்சினையில்லை. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணையை இந்த வரைபடத்தோடு சேர்க்க முயலும் மாணவனுக்கு, அட்டவணையில் உள்ள பெயரும் வரைபடத்தில் உள்ள பெயரும் ஒத்துவராது. கணினி பாதி மாவட்டங்களைக் கழித்துவிடும், சத்தமில்லாமல். வரைபடத்தில் வெள்ளையாக ஓட்டைகள் தெரியும்போதுதான் விஷயம் புரியும். கியூஜிஐஎஸ்-ஸின் புலக் கணிப்பானில் மூன்று மாற்று விதி எழுதினால் ஐந்து நிமிடத்தில் தீரும். நாடு முழுக்க எத்தனை ஆயிரம் பேர் அந்த ஐந்து நிமிடத்தைத் தனித்தனியாகச் செலவழிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. மூலக் கோப்பை வைத்திருப்பவர் ஒருமுறை திருத்தினால் போதுமே?

தமிழில் பெயர் எழுதப் போனால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஷேப்ஃபைலில் ஒரு நிரலின் தலைப்பு பத்து பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் ஒரு குறிக்கு மூன்று. ‘கிராமம்’ என்று தலைப்பிட்டுச் சேமித்தால் ‘கிர’வோடு நின்றுவிடும். எழுத்துக் குறியீட்டைச் சரியாகச் சொல்லாவிட்டால் ஊர்ப்பெயர் அத்தனையும் கேள்விக்குறி வரிசை. 2014-ல் வந்த ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்தில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே கோப்பில், மண்டல விவரமும் உள்ளேயே. வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. அரசு அலுவலகங்கள் இன்னும் ஷேப்ஃபைலை விட்டு நகர மறுக்கின்றன.

பெட்டிச் செய்தி: திறக்கும்போது கவனிக்க

கோப்பை உள்ளே இழுத்ததும் முதலில் அதன் ஆயத்தொகுப்பு எண்ணைப் பாருங்கள். சாதாரண அட்சரேகை, தீர்க்கரேகைக்கு இபிஎஸ்ஜி 4326. போடி, தேனி, கம்பத்துக்கு யூடிஎம் என்றால் 32643. மதுரை நகரம் என்றால் 32644. தமிழ்நாடு முழுவதையும் ஒரே கணக்கில் கொண்டுவர 7785. இந்தியா முழுவதற்கும் 7755.

எண்ணை ‘ஒதுக்குவது’ வேறு, ‘மாற்றுவது’ வேறு. ஒதுக்கினால் பெயர்ப்பலகை மட்டும் மாறும். மாற்றினால்தான் உள்ளே எண்கள் மறுபடி கணக்கிடப்படும். போடியைக் கடலில் தள்ளியது அந்த ‘ஒதுக்கும்’ வேலைதான்.

தூரமோ பரப்போ அளக்கும் முன் கோப்பு மீட்டர் கணக்கில் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வேலை முடிந்ததும் ஜியோபேக்கேஜ் ஆகச் சேமியுங்கள். பிறருக்குக் கொடுக்கும்போது எந்தத் தாள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதை ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.

4.9 கிலோமீட்டரில் நின்ற திட்டம்

இதெல்லாம் கணினிக்காரர்கள் கவலை என்று நினைப்பவர்கள் பொட்டிப்புரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். போடிக்குத் தெற்கே, மேற்கு மலையடிவாரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டம். மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருக்கும்படி குகையில் கருவியை வைப்பது நோக்கம்.

2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின் பொது நிபந்தனை ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்கோ மாநில எல்லைக்கோ 5 கிலோமீட்டருக்குள் வரும் திட்டம் என்றால் கடுமையான பிரிவில் வைத்து ஆராயவேண்டும். 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம், இடுக்கி மாவட்டத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

100 மீட்டர். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பழைய தாள், புதிய தாள் வேறுபாட்டில் பாதி. அனுமதி 2018-ல் மறுபடி வந்தது, பிறகும் வழக்கு நீண்டது, 2022-ல் தமிழக அரசு புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டி உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த 4.9-ஐச் சரிபார்க்க ஒரு சாமானியன் ஆசைப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன்.

பூங்காவின் எல்லை கோப்பாக வேண்டும். திட்ட இடத்தின் எல்லை கோப்பாக வேண்டும். சுரங்க வாயிலிலிருந்து அளப்பதா, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் குகையிலிருந்து அளப்பதா என்று முடிவு செய்யவேண்டும். பிறகு கியூஜிஐஎஸ்-ஸில் சுற்றுவளையம் போடும் கருவியில் 5 கிலோமீட்டர் கொடுத்துப் பார்க்கவேண்டும். கோப்பு டிகிரிக் கணக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வெறும் 5 என்று கொடுத்தால் மென்பொருள் 5 டிகிரிக்கு வளையம் போடும். அதாவது சுமார் 550 கிலோமீட்டர். தமிழ்நாடு, கேரளம் மொத்தமும் அதற்குள். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட மூலக் கோப்புகள் பொதுவெளியில் இருக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

பதினைந்தாயிரமா, இரண்டு லட்சமா?

மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் பெரிது. ஏலமலைக் காப்புப் பகுதி பற்றித் திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்டில் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. காப்புக்காட்டின் பரப்பு 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. இல்லை, 2,15,720 ஏக்கர் என்கிறது மறு தரப்பு. முன்னால் ஒரு ‘2’ உண்டா இல்லையா என்பதில் உடும்பன்சோலை வட்டத்தின் ஏலத்தோட்டங்களுடைய எதிர்காலம் தொங்குகிறது. நிலம் வருவாய்த் துறைக்கு, அதில் நிற்கும் மரம் வனத் துறைக்கு என்று இரட்டை ஆட்சி நடக்கும் இடம் அது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கே புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்தது.

இது கேரளத்து வழக்குதானே என்று போடி ஏலக்கடைத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். முதலீடு இங்கிருந்து போகிறது, வேலைக்கு ஆள் இங்கிருந்து போகிறது, காய் இங்கே ஏலத்துக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் கேரளத்துப் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது.

அந்த 1897 அறிவிக்கையில் பரப்பு மட்டும் இல்லை. எல்லை எந்த மலை, எந்த ஆறு வழியே போகிறது என்ற வருணனையும் இருக்கும். அந்த வருணனையைப் பழைய தாளில் தேடிப் பிடித்து, கோடாக வரைந்துவிட்டால், உள்ளே எவ்வளவு பரப்பு அடங்குகிறது என்று கணக்கிட இன்றைய மென்பொருளுக்கு ஒரு நொடி போதும். கோட்டை வரைவதுதான் கடினம். நூறாண்டில் பெயர் மாறிய மலைகள், வழி மாறிய ஓடைகள். இந்த வேலையை இரு தரப்பும் தனித்தனியாகத் தங்கள் அலுவலகத்துக்குள் செய்தால் நீதிமன்றத்துக்கு இரண்டு வரைபடம் வரும். வழிமுறையோடு சேர்த்துப் பொதுவில் வைத்தால், எந்த மலையைப் பற்றிச் சண்டை என்பதாவது எல்லோருக்கும் தெரியும்.

குரங்கணிக்குப் பிறகு

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முதலில் ஓடிப்போய்க் காயம்பட்டவர்களைத் தூக்கியது சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள். எந்தச் சரிவில் எந்தத் தடம் போகும் என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன.

வரைபடம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். சரிவு கூடக் கூட வேகமும் கூடும். போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரம். நேர்க்கோட்டில் 16 கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கிறது கொழுக்குமலை. அங்கே உயரம் சுமார் 2,400 மீட்டர். இப்படிப்பட்ட நிலத்தில் எந்தத் தடம் எவ்வளவு செங்குத்தான புல்வெளியைக் கடக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. இஸ்ரோவின் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் அளந்த நில உயரத் தரவு புவன் தளத்தில் இலவசம். 2000-ம் ஆண்டு அமெரிக்க விண்ணோடம் அளந்ததும் இலவசம். இரண்டிலும் தரையில் 30 மீட்டருக்கு ஓர் உயரம். சரிவு கணக்கிடும் கருவி கியூஜிஐஎஸ்-ஸிலேயே இருக்கிறது.

ஆனால் அங்கும் ஒரு பொறி. தரவு டிகிரியில் வருகிறது, உயரம் மீட்டரில் வருகிறது. இரண்டையும் ஒரே அலகாக எண்ணிக் கணக்குப் போட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கூட 90 டிகிரிச் சுவராகத் தெரியும். மீட்டருக்கு மாற்றிவிட்டுத்தான் சரிவைக் கேட்கவேண்டும். செயற்கைக்கோள்கள் அனுப்பும் தீ எச்சரிக்கைப் புள்ளிகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. அவற்றில் நுட்பமானதிலேயே ஒரு புள்ளி என்பது 375 மீட்டர்ச் சதுரம். ‘தீ இங்கே’ என்று திரையில் ஒளிரும் புள்ளி அந்தச் சதுரத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், ஓடைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. குரங்கணிப் பாதையும் அதில் உண்டு. நுழைவுச்சீட்டை இணையத்தில் வாங்கலாம். அதே இடத்தில் பாதையின் கோடும் வெளியேறும் வழிகளும் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளும் கோப்பாகக் கிடைத்தால் வழிகாட்டிக்கும் உதவி, தேடிப் போகிறவருக்கும் உதவி.

காபிக்கு ஆறு தசமம்

கடைசியாக, பணம். போடி மலையில் ஏலத்தோடு காபியும் மிளகும் இலவமும் விளைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பட்டியலில் ஏலக்காய் இல்லை, காபி இருக்கிறது. அங்கே போகும் காபி எந்தத் தோட்டத்தில் விளைந்தது என்பதை அட்சரேகை, தீர்க்கரேகையில் ஆறு தசம இடங்களோடு சொல்லவேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டம் என்றால் எல்லையையே வரைந்து கொடுக்கவேண்டும். அமலாகும் தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது, நிபந்தனை போகவில்லை.

ஆறாவது தசமம் என்பது தரையில் சுமார் 11 சென்டிமீட்டர். நிழல்மரத்தடியில் நிற்கும் சாதாரணக் கைப்பேசி ஐந்து பத்து மீட்டர் பிசகாமல் காட்டினாலே பெரிது. ஆறு தசமம் எழுதிவிடலாம், கடைசி இரண்டு வெறும் அலங்காரம்.

விவசாயி கையில் என்ன இருக்கிறது? பட்டாவும் புல வரைபடமும். இரண்டையும் இணையத்திலேயே எடுக்கலாம், நல்ல வசதி. ஆனால் புல வரைபடம் என்பது அந்த நிலத்துக்குள்ளேயே அளந்து போட்ட கோடுகள். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். அந்தக் கல் பூமியில் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. சமவெளியில் நான்கு வரப்பை வைத்துச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்திவிடலாம். நிழல்மரங்கள் மூடிய மலைத்தோட்டத்தில் மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. சர்வேயர் கல்லைத் தேடி ஏறித்தான் ஆகவேண்டும். தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் தளத்தில் புலங்களைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பார்க்க முடிகிறது. திரையில் பார்ப்பது ஒன்று, சொந்த நிலத்தின் எல்லையைக் கோப்பாகக் கையில் பெறுவது வேறு. ஏற்றுமதியாளர் கேட்பது இரண்டாவதை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசு 2019-ல் ‘மேப்பத்தான் கேரளம்’ என்று மக்களையே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்களை வரைய அழைத்தது. இந்தப் பக்கம் அப்படி ஒரு முயற்சிக்கு ஆள் இல்லாமல் இல்லை. போடியில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கலைக் கல்லூரி இருக்கிறது.

நில அளவைத் துறைக்கும் தமிழக வருவாய்த் துறைக்கும் கேட்பது பெரிதல்ல. தேனி மாவட்டத்து மலைக் கிராமங்களின் எல்லை, தடம், ஓடை, காப்புக்காட்டுக் கோடு ஆகியவற்றைப் படமாக அல்லாமல் தரவாகவே வெளியிடுங்கள். ஜியோபேக்கேஜ் வடிவில், ஆயத்தொகுப்பு எண்ணோடு, ஊர்ப்பெயர்களைத் தமிழிலும் சேர்த்து. கல்லூரி ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 58 எஃப்/8, 58 ஜி/5, 58 எஃப்/4, 58 ஜி/1. நான்கு தாள்களும் இன்றைக்கே இலவசமாகக் கிடைக்கின்றன, மென்பொருளும் இலவசம். அடுத்த பருவத்துச் செய்முறை வகுப்பை இந்த நான்கையும் ஒட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.